பதினாறு ஜிபி ரேம் என்று பணம் பறித்த கடை: சேலத்துக்காரர்களுக்கு ஓர் எச்சரிக்கை

பழைய கம்ப்யூட்டருக்கு ரேம், அதாவது திறந்திருக்கும் நிரல்கள் வேலை செய்ய இடம் தரும் மெமரி, கூட்ட நினைக்கும் சேலத்துக்காரர்கள் கடைக்குக் கிளம்பும் முன் இதைப் படித்துவிடுங்கள். அம்மாப்பேட்டையில் இருக்கும் என் அக்காவிடம் ஐந்து ரோடு பக்கத்தில் ஒரு கடையில் ஆறாயிரத்து ஐந்நூறு ரூபாய் வாங்கிக்கொண்டு, அவருக்குப் பயனில்லாத ஒன்றைத் தலையில் கட்டி அனுப்பிவிட்டார்கள்.

அக்கா தறிக்காரர்கள் சிலருக்கு வீட்டிலிருந்தே கணக்கு எழுதி, ஜிஎஸ்டி தாக்கல் செய்து தருகிறார். அவருடைய கம்ப்யூட்டரில் மூன்றாம் தலைமுறை ஐ3 பிராசஸர், 4 ஜிபி டிடிஆர்3 வகை ரேம், ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. கணக்கு எழுதும் டேலி நிரலையும் பிரவுசரையும் சேர்த்துத் திறந்தால் மவுஸ் நகர்வதற்கே நேரமாகும். மாதம் 20ஆம் தேதி நெருங்கும்போது அவர் படும் பாடு சொல்லி மாளாது.

கடையில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, மெமரி 90 சதவீதத்தைத் தாண்டியிருப்பதைக் காட்டியிருக்கிறார்கள். அது உண்மைதான். அடுத்துச் சொன்னதுதான் மோசடி. “எட்டு போட்டால் பத்தாதுங்க அக்கா. இப்போது எல்லாரும் பதினாறுதான் போடுகிறார்கள்.” என்ன வேலை செய்கிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. 8 ஜிபி ரேம் இரண்டைச் செருகினார்கள். பழைய 4 ஜிபியைக் கழற்றித் தாங்களே வைத்துக்கொண்டார்கள். ஒரு துண்டுச் சீட்டில் “சிஸ்டம் சர்வீஸ் 6500” என்று எழுதிக் கொடுத்தார்கள். ரேமின் கம்பெனி பெயர் இல்லை, சீரியல் எண் இல்லை, வாரன்டி இல்லை, ஜிஎஸ்டி எண்ணும் இல்லை. ஜிஎஸ்டி தாக்கல் செய்து தரும் பெண்ணுக்கே இப்படி ஒரு சீட்டு!

வீட்டுக்கு வந்த பிறகும் வேகம் கூடவில்லை. அக்கா என்னைக் கூப்பிட்டார். செட்டிங்ஸில் சிஸ்டம், அதற்குள் அபௌட் என்று போய்ப் பார்த்தேன். 16 ஜிபி பொருத்தப்பட்டிருக்கிறது, அதில் பயன்படுத்தக்கூடியது 3 ஜிபிக்குக் கொஞ்சம் கூட என்று காட்டியது. கீழேயே காரணமும் இருந்தது: 32 பிட் இயங்குதளம், 64 பிட் பிராசஸர்.

விண்டோஸ் 10இல் 32 பிட், 64 பிட் என்று இரண்டு வகை உண்டு. 32 பிட் வகை, எந்தப் பதிப்பானாலும், 4 ஜிபிக்கு மேல் ரேமைத் தொடாது. அந்த நான்கிலும் ஒரு பகுதியை உள்ளே இருக்கும் கிராபிக்ஸும் பிற சாதனங்களும் எடுத்துக்கொள்ளும். பதினாறு அல்ல, முப்பத்திரண்டு போட்டாலும் அக்காவின் கம்ப்யூட்டருக்கு ஒன்றுதான். 64 பிட் விண்டோஸுக்கு மாற வேண்டும். அதற்கு ஃபைல்களை வேறு இடத்தில் எடுத்துவைத்துவிட்டுப் புதிதாக நிறுவ வேண்டும். அதே பதிப்பாக இருந்தால் பழைய உரிமமே செல்லும். தினமும் இதே தொழில் செய்பவருக்கு இது தெரியாது என்று என்னால் நம்ப முடியவில்லை.

இன்னொன்றும் சொல்லியிருக்க வேண்டும். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. மூன்றாம் தலைமுறை பிராசஸர் விண்டோஸ் 11க்கான தகுதிப் பட்டியலில் கிடையாது. இப்படிப்பட்ட கம்ப்யூட்டரில் எவ்வளவு செலவழிக்கலாம் என்பதை அக்கா யோசிக்க இடம் கொடுத்திருக்க வேண்டும்.

தாக்கல் செய்ய வேண்டிய நேரத்தில், கம்ப்யூட்டர் பிழையால் நின்றுபோகும்போது காட்டும் நீலத்திரை வர ஆரம்பித்தது. விண்டோஸிலேயே இருக்கும் மெமரி டயக்னாஸ்டிக்கை ஓட்டினேன். பிழை இருப்பதாகச் சொன்னது. ரேமைத் தனித்தனியாகப் போட்டு ஓட்டியதில் ஒன்று மட்டும் பழுது என்று தெரிந்தது. அதன் மேல் வேகம் 1600 என்று ஸ்டிக்கர். பாகங்களின் விவரம் காட்டும் சிபியு-இசட் நிரலில் பார்த்தால் உள்ளே பதிந்திருப்பது 1333. ஸ்டிக்கரின் ஓரத்தைக் கிளப்பினால் அடியில் இன்னொரு ஸ்டிக்கர். செவ்வாய்ப்பேட்டையில் கொலுசு வாங்கினால் எத்தனை டச், அதாவது வெள்ளி எவ்வளவு சுத்தம், என்று கேட்டு வாங்குகிற ஊர் இது. ரேமையும் அப்படிக் கேட்டுத்தான் வாங்க வேண்டியிருக்கிறது.

ரேம் எவ்வளவு வேண்டும் என்பதைக் கடைக்காரர் சொல்ல வேண்டியதில்லை, உங்கள் கம்ப்யூட்டரே சொல்லும். வழக்கமான வேலை நாளில் திறப்பதை எல்லாம் திறந்து வையுங்கள். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் மெமரியைப் பாருங்கள். ‘கமிட்டெட்’ என்ற இடத்தில் இரண்டு எண்கள் இருக்கும். முதல் எண், திறந்திருப்பவை எல்லாம் சேர்ந்து கேட்டிருக்கும் அளவு. அது உங்கள் ரேமைவிட எப்போதும் நன்றாகக் கூடுதலாகவே நின்று, ‘அவைலபிள்’ மிகக் குறைவாக இருந்தால் ரேம் போதவில்லை. காலியாக இருக்கும் ரேமை விண்டோஸ் தற்காலிகச் சேமிப்புக்கு எடுத்துக்கொள்வது இயல்பு. சதவீதத்தை மட்டும் காட்டி யாராவது பயமுறுத்தினால் பயப்பட வேண்டாம். மெமரியில் இடம் இருந்தும் டிஸ்க் 100 சதவீதத்திலேயே நின்றால் கோளாறு ஹார்ட் டிஸ்கில் இருக்கலாம். அங்கே ரேமுக்குக் கொடுக்கும் காசு வீண்; ஹார்ட் டிஸ்குக்குப் பதிலாகப் போடும் வேகமான சேமிப்பகமான எஸ்எஸ்டிதான் தேவை.

அக்காவுக்கு 64 பிட் விண்டோஸ் நிறுவி, நல்ல நிலையில் இருந்த ஒரே 8 ஜிபி ரேமைப் போட்டேன். டேலி, பிரவுசர், பையனின் வகுப்பு எல்லாம் திறந்திருக்கும்போது கமிட்டெட் ஆறு ஜிபியைத் தாண்டவில்லை. அவருக்கு எட்டே தாராளம். மிச்சப் பணத்தில் ஓர் எஸ்எஸ்டி வந்திருக்கும்.

அந்தப் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்திலேயே ரேம் செருகும் ஸ்லாட் எத்தனை, எத்தனை நிரம்பியிருக்கின்றன, என்ன வேகம் என்றெல்லாம் தெரியும். டிடிஆர்3, டிடிஆர்4, டிடிஆர்5 ஒன்றின் இடத்தில் மற்றொன்று பொருந்தாது. லேப்டாப் சிலவற்றில் ரேம் போர்டோடு பற்றவைத்தே வரும், அவற்றில் கூட்டவே முடியாது.

பழுதான ரேமோடு அக்காவும் நானும் கடைக்குப் போனோம். “பிரித்த பொருளைத் திரும்ப எடுக்க மாட்டோம்” என்றார் முதலாளி. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, விற்ற பொருளுக்கு பில் தராததும், குறைபாடுள்ள பொருளை பில்லில் சொன்ன காலத்துக்குள், அப்படி எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுக்க மறுப்பதும் நியாயமற்ற வணிக முறை. அதை எடுத்துச் சொல்லியும் அவர் அசையவில்லை. நடந்ததை எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பிய பிறகுதான் ஒரு ரேமுக்கான பணம் மூவாயிரம் ரூபாய் வந்தது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதில் ஆலோசனையும் கேட்கலாம், புகாரும் பதியலாம்.

இப்போது உஷாராக இருக்க இன்னொரு காரணமும் உண்டு. செயற்கை நுண்ணறிவு சர்வர்களுக்கு மெமரி சிப்புகள் பெருமளவில் போவதால் 2025 இறுதியிலிருந்து ரேம் விலை ஏறியிருக்கிறது. கழற்றிய பழைய ரேமுக்கும் அதனால் மதிப்புக் கூடியிருக்கிறது. அதைக் கடையில் விட்டுவராதீர்கள்.

அக்காவின் 4 ஜிபி இன்னும் திரும்பவில்லை. பழைய இரும்புக்குப் போட்டுவிட்டோம் என்கிறார்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு மனுக் கட்டணம் கிடையாது; இரண்டு ஆண்டுக்குள் மனு கொடுக்கலாம். அந்தத் துண்டுச் சீட்டையும் இரட்டை ஸ்டிக்கரின் படத்தையும் இணைத்து அக்கா மனு எழுதிக்கொண்டிருக்கிறார்.