நேரடி 3306, எஸ்எஸ்ஹெச் டனல், வயர்கார்டு: கிளைக் கடைக்கு எந்த வழி?

நாகர்கோவில் தலைமைக் கடையில் மைஎஸ்க்யூஎல் (MySQL) டேட்டாபேஸ் சர்வர் ஓடுகிறது. மார்த்தாண்டத்திலும் குலசேகரத்திலும் பில் போடுகிறார்கள். ரப்பர் ஷீட் கொள்முதலாக இருந்தாலும் தேன் வியாபாரமாக இருந்தாலும் கிளைக்கு வேண்டியது ஒன்றுதான்: தலைமைக் கடையின் டேட்டாபேஸ். அதற்கு மூன்று வழிகள் உண்டு. மைஎஸ்க்யூஎல் காத்திருக்கும் 3306 போர்ட்டை இணையத்துக்குத் திறந்துவிடலாம், எஸ்எஸ்ஹெச் (SSH) என்ற பூட்டிய இணைப்புக்குள் டனல் போடலாம், இரு கடைகளையும் ஒரே தனி நெட்வொர்க்காக்கும் வயர்கார்டு (WireGuard) விபிஎன் வைக்கலாம். மூன்றிலும் கனெக்‌ஷன் கிடைக்கும். ஆனால் நீங்கள் எந்த முகவரியிலிருந்து வருவதாக சர்வர் பார்க்கிறது என்பது மூன்றிலும் வேறு. பர்மிஷன் தகராறுகளில் பெரும்பகுதி அங்கேதான் தொடங்குகிறது.

எதையும் மாற்றுவதற்கு முன் எரர் எண்ணைப் படியுங்கள். 2003 வந்தால் மைஎஸ்க்யூஎல்லை எட்டவே இல்லை. பாஸ்வேர்டை மாற்றிப் பயனில்லை. அதோடு வரும் துணை எண் 111 (விண்டோஸில் 10061) என்றால் கனெக்‌ஷன் மறுக்கப்பட்டது: சர்வீஸ் நின்றிருக்கும், அல்லது பைண்ட்-அட்ரஸ் (சர்வர் எந்த முகவரியில் காத்திருக்க வேண்டும் என்ற அமைப்பு) 127.0.0.1 ஆக, அதாவது அந்த மெஷினுக்குள் மட்டும் என்று இருக்கும். 110 (விண்டோஸில் 10060) என்றால் பெரும்பாலும் நடுவில் ரவுட்டரோ ஃபயர்வாலோ பாக்கெட்டை விழுங்குகிறது. 1130 வந்தால் சர்வர் வரை போய்விட்டீர்கள், உங்கள் முகவரிக்கு அங்கே கணக்கு எதுவும் இல்லை. 1045 என்றால் பெயர், முகவரி, பாஸ்வேர்ட் மூன்றும் சேர்ந்து பொருந்தவில்லை. 1044, 1142 இரண்டும் உள்ளே நுழைந்த பிறகு வருபவை, உரிமைதான் போதவில்லை.

நேரடியாகத் திறப்பது பார்க்க எளிது. உபுண்டுவில் மைஎஸ்க்யூஎல்டி.சிஎன்எஃப் கோப்பில் பைண்ட்-அட்ரஸை 0.0.0.0 (எல்லா முகவரியிலும்) ஆக்கி, சர்வீஸை மறுபடி தொடங்கி, ஃபயர்வாலில் 3306-ஐக் கிளையின் ஐபிக்கு மட்டும் அனுமதித்து, ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்டு செய்தால் (வெளியிலிருந்து 3306-க்கு வருவதைச் சர்வருக்குத் திருப்பினால்) வேலை முடிந்தது. நம் ஊர் நிலவரத்தில் இது இரண்டு இடத்தில் முறியும். முதலாவது, தலைமைக் கடை ரவுட்டரின் வான் (WAN, இணையப் பக்க) முகவரி 100.64 முதல் 100.127 வரையுள்ள எண்ணில் தொடங்கினால், இணைய நிறுவனம் ஒரே பொது ஐபியைப் பலருக்குப் பங்கிட்டுத் தருகிறது. அங்கே போர்ட் ஃபார்வர்டு எத்தனை முறை போட்டாலும் பலிக்காது. இரண்டாவது, ஆனி ஆடிச் சாரலிலும் ஐப்பசி மழையிலும் கரண்ட் போய் வரும்போது ரவுட்டர் மறுபடி எழும். கிளையின் ஐபி நிலையானதாக இல்லையென்றால் மாறிவிடும். நேற்று வரை ஓடியது இன்று காலை ஃபயர்வாலில் நின்று 110 காட்டும். ஃபயர்வாலைத் தளர்த்தினால் அடுத்து 1130.

அந்த நேரத்தில் பலரும் ஃபயர்வாலை எல்லோருக்கும் திறந்து, 'கிளை'@'%' என்று, அதாவது எந்த முகவரியிலிருந்தும் நுழையலாம் என்று கணக்கும் போட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். திறந்து கிடக்கும் 3306-ஐத் தேடிப் பாஸ்வேர்டைத் தட்டிப் பார்க்கும் புரோகிராம்கள் இணையத்தில் ஓயாமல் சுற்றுகின்றன. இரண்டு முனையிலும் நிலையான ஐபி வாங்கியிருந்து, கணக்கில் 'ரிக்வயர் எஸ்எஸ்எல்' (மறையாக்கம் இல்லாமல் நுழைய விடாதே) போட்டிருந்தால் மட்டும் இந்த வழியைப் பரிசீலிக்கலாம். கெட்ட லைனில் கைகுலுக்கல் (இணையும்போது நடக்கும் முதல் பரிமாற்றம்) பாதியில் அறுந்துகொண்டே இருந்தால் 1129 வந்து அந்த ஐபியே முடக்கப்படும் (இயல்பு வரம்பு 100). மைஎஸ்க்யூஎல்அட்மின் ஃப்ளஷ்-ஹோஸ்ட்ஸ் கொடுத்தால் திறக்கும். லைனைச் சரிசெய்யாவிட்டால் மறுபடி மூடும்.

எஸ்எஸ்ஹெச் டனலில் 3306 வெளியே தெரிவதே இல்லை, பைண்ட்-அட்ரஸையும் தொட வேண்டாம். கிளையில் எஸ்எஸ்ஹெச் கட்டளையோடு -எல் (-L) 3307:127.0.0.1:3306 (கிளையின் 3307-க்கு வருவதைத் தலைமைச் சர்வரின் 3306-க்கு அனுப்பு) கொடுத்து, பில் மென்பொருளை 127.0.0.1, போர்ட் 3307-க்குத் திருப்பினால் போதும். லினக்ஸில் 'லோக்கல்ஹோஸ்ட்' என்று எழுதினால் மைஎஸ்க்யூஎல் கிளையன்ட் போர்ட்டைக் கண்டுகொள்ளாமல் உள்ளூர் சாக்கெட்டுக்குப் போகும். 2002 வரும், அல்லது அதே மெஷினில் இருக்கும் வேறொரு டேட்டாபேஸ் திறக்கும். அதனால் எண் முகவரியையே எழுதுங்கள். சர்வர் பக்கத்தில் நீங்கள் 127.0.0.1-இலிருந்து வருகிறீர்கள், ஆகவே 'கிளை'@'லோக்கல்ஹோஸ்ட்' கணக்கு போதும். சர்வரில் ஸ்கிப்-நேம்-ரிசால்வ் (ஐபியைப் பெயராக மாற்றிப் பார்க்காதே) போட்டிருந்தால் அது பொருந்தாது, 'கிளை'@'127.0.0.1' தனியாக வேண்டும். 'கிளை'@'%' கணக்கும் லோக்கல்ஹோஸ்ட் கணக்கும் இரண்டு தனி ஆட்கள். பாஸ்வேர்டும் உரிமையும் தனித்தனி. "அதே பாஸ்வேர்டுதானே, ஏன் 1045?" என்ற கேள்விக்குப் பல வேளைகளில் பதில் இதுவே.

டனலின் பலவீனம் அறுந்துபோவது. எஸ்எஸ்ஹெச்சில் சர்வர்அலைவ்இன்டர்வல் 60 வைத்தால் அறுந்தது சில நிமிடங்களில் தெரியும். தானாக மறுபடி கட்ட ஆட்டோஎஸ்எஸ்ஹெச் வேண்டும். மாதம் ஒருமுறை கணக்கைத் திறந்து பார்க்கும் ஆடிட்டருக்கு இதைவிட நல்ல வழி இல்லை. நாள் முழுக்க பில் போடும் கவுண்டருக்கு இது சரிப்படாது.

கவுண்டருக்கு வயர்கார்டுதான் எங்கள் தேர்வு. யூடிபி போர்ட் 51820 ஒன்று போதும். சாவி இல்லாதவருக்கு அது பதிலே சொல்லாது. சர்வருக்கு 10.8.0.1, கிளைகளுக்கு 10.8.0.2, 10.8.0.3 என்று நிலையான உள்முகவரி கொடுங்கள். கிளையின் பொது ஐபி எத்தனை முறை மாறினாலும் மைஎஸ்க்யூஎல் பார்ப்பது 10.8.0.2-ஐத்தான், அந்த முகவரிக்குக் கணக்கு போட்டுவிட்டால் 1130 தொல்லை அடியோடு போய்விடும். கிளைப் பக்கம் பெர்சிஸ்டன்ட்கீப்அலைவ் 25 வையுங்கள், 25 விநாடிக்கு ஒருமுறை ஒரு சின்ன பாக்கெட் போய் வழியைத் திறந்தே வைக்கும்.

இதற்கும் குறை உண்டு. தலைமைக் கடையே பங்கிட்ட ஐபியில் இருந்தால் வயர்கார்டும் டனலும் நேராக வந்து சேராது. நடுவில் பொது ஐபியுள்ள சிறிய கிளவுட் சர்வர் ஒன்றை வைத்து எல்லோரையும் அங்கே கூட்ட வேண்டும். பைண்ட்-அட்ரஸை 10.8.0.1 ஆக்கினால், கரண்ட் வந்து மெஷின் எழும்போது வயர்கார்டுக்கு முன்னால் மைஎஸ்க்யூஎல் தொடங்கி, முகவரி கிடைக்காமல் நின்றுவிடும். சர்வீஸ் அமைப்பில் 'ஆஃப்டர்' வரியில் வயர்கார்டைச் சேர்த்தால் வரிசை சரியாகும். லாகின் நடக்கிறது, பெரிய ரிப்போர்ட் மட்டும் தொங்குகிறது என்றால் வயர்கார்டின் எம்டியூ-வை (ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு) 1420-இலிருந்து 1280-க்கு இறக்கிப் பாருங்கள்.

எந்த வழியில் வந்தாலும் உரிமை கொடுப்பது ஒரே மாதிரிதான். மைஎஸ்க்யூஎல் 8-இல் 'கிராண்ட்' கட்டளை புது யூசரை உருவாக்காது, 1410 எரர் தரும். முதலில் 'கிரியேட் யூசர்', பிறகு 'கிராண்ட்'. பில் போட செலக்ட், இன்சர்ட், அப்டேட், ஸ்டோர்டு புரொசீஜர் (சர்வரிலேயே சேமித்த கட்டளைத் தொகுப்பு) இருந்தால் எக்ஸிக்யூட். டெலீட் தேவையா என்று யோசித்துக் கொடுங்கள். டேட்டாபேஸ் பெயரில் அடிக்கோடு இருந்தால் கிராண்டில் அது 'ஏதேனும் ஓர் எழுத்து' என்றே பொருள்படும். முன்னால் பின்சாய்கோடு போடாவிட்டால் பக்கத்து டேட்டாபேஸும் சேர்ந்து திறந்துகொள்ளும். பழைய சர்வரிலிருந்து பேக்கப்பை ஏற்றியபின் 1449 வந்தால், புரொசீஜரை எழுதிய பழைய யூசர் புதிய சர்வரில் இல்லை என்று பொருள்.

உள்ளே நுழைந்தும் சந்தேகம் தீரவில்லையா? 'செலக்ட் யூசர்(), கரன்ட்_யூசர்()' ஓட்டுங்கள். முதலாவது நீங்கள் யாராக வந்தீர்கள் என்று காட்டும், இரண்டாவது சர்வர் உங்களை எந்தக் கணக்கோடு பொருத்தியது என்று காட்டும். நீங்கள் உரிமை கொடுத்த கணக்கு இரண்டாவதில் இல்லையென்றால், கிராண்டை எத்தனை முறை ஓட்டினாலும் 1142 போகாது.