மாலத்தீவு வேலைக்கான பயிற்சி வகுப்பு: முதல் நாள் தண்டம், இரண்டாம் நாள் தங்கம்

என் மகளுக்கு மாலத்தீவில் ஒரு தீவுப் பள்ளியில் கணித ஆசிரியை வேலை கிடைத்திருக்கிறது. புறப்படுமுன் சேலம் ஐந்து ரோடு பக்கம் நடக்கும் இரண்டு நாள் பயிற்சி வகுப்பில் சேர்த்தேன். கட்டணம் 2,000 ரூபாய். மையத்தின் பெயரை எழுதப் போவதில்லை. பெற்றோரும் உட்காரலாம் என்றார்கள். குடிமையியல் நடத்தி ஓய்வு பெற்றவன் சும்மா இருப்பேனா? கடைசி வரிசையில் இடம் பிடித்தேன்.

முதல் நாள் வந்தவர் கோட்டு போட்ட ஆள். கடல் படங்களாகக் காட்டிக்கொண்டிருந்தார். சாமி கும்பிடத் தடை உண்டா என்று ஒரு பெண் கேட்டதற்கு, "எல்லா நாட்டுச் சட்டத்திலும் மத சுதந்திரம் இருக்கிறதம்மா, கவலையே வேண்டாம்" என்றார். வாய் கூசவில்லை. அன்று உருப்படியாகக் கிடைத்தது கீழே தள்ளுவண்டியில் தின்ற தட்டுவடை செட் மட்டுமே.

இரண்டாம் நாள் வந்த அம்மையார் அங்கே பல ஆண்டுகள் வேலை பார்த்தவர். வந்ததும் மாலத்தீவின் 2008 அரசியலமைப்பிலிருந்து சில பக்கங்களை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தார். 10-ஆவது பிரிவு: அரசின் மதம் இஸ்லாம், அதன் கோட்பாட்டுக்கு மாறாக எந்தச் சட்டமும் இயற்றக் கூடாது. 9-ஆவது பிரிவு: முஸ்லிம் அல்லாதவர் குடிமகனாக முடியாது. 27-ஆவது பிரிவில் கருத்துச் சுதந்திரம் உண்டு, ஆனால் இஸ்லாமியக் கோட்பாட்டுக்கு முரண்படாத வகையில். பிறகு 17-ஆவது பிரிவை என் மகளையே உரக்க வாசிக்கச் சொன்னார். பாகுபாடு கூடாது என்ற பட்டியல் அது: இனம், நிறம், பாலினம், வயது, ஊனம், அரசியல் கருத்து, சொத்து, பிறப்பு, சொந்தத் தீவு எது என்பது வரை வருகிறது. "மதம் எங்கே இருக்கிறது, தேடு கண்ணு" என்றார். வகுப்பே தாளைப் புரட்டியது. இல்லை.

மத சுதந்திரம் தரும் நம் இந்திய அரசியலமைப்பின் 25-ஆவது பிரிவிலும் பொது ஒழுங்கு, ஒழுக்கம், சுகாதாரம் என்று நிபந்தனைகள் உண்டே என்று எழுந்து கேட்டேன். "உண்டு சார். ஆனால் உங்களிடம் உரிமை என்று ஒன்று இருக்கிறது, அதற்கு வேலி போட்டிருக்கிறார்கள். அங்கே வேலி போடுவதற்கு அந்த உரிமையே எழுதப்படவில்லை" என்றார். ஜொகூர் தொழிற்சாலைக்குப் போகும் பையன் ஒருவன் தன் கதை என்ன என்றான். மலேசியா வேறு மாதிரி என்று விளக்கினார். 3-ஆவது பிரிவில் இஸ்லாம் கூட்டரசின் மதம். 11-ஆவது பிரிவில் அவரவர் மதத்தைப் பின்பற்றும் உரிமை உண்டு. முஸ்லிம்களிடம் பிற மதப் பிரசாரம் செய்வதை மட்டும் மாநிலச் சட்டம் கட்டுப்படுத்தலாம். பத்துமலையில் தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கலாம். மாலத்தீவுத் தலைநகர் மாலேயில் கோயிலே கிடையாது.

மகள் கட்டைவிரல் அளவுப் பித்தளைப் பிள்ளையாரைப் பெட்டியில் வைத்திருந்தாள். வழிபாட்டுச் சிலைகளை அந்த நாட்டுச் சுங்கத்துறை உள்ளே விடாது, வீட்டிலேயே விட்டுவிட்டுப் போ என்றார் அம்மையார். அறைக்குள் தனியாகக் கும்பிடுவதை யாரும் கேட்கப் போவதில்லை. வெளியே, அதுவும் மாணவர்களிடம், மதப் பேச்சே கூடாது. ஒருவர் அந்த நாட்டை ஏளனமாகப் பேசத் தொடங்கியதும் அடக்கிவிட்டார்: "1153 முதல் அவர்கள் முஸ்லிம்கள். நாம் அங்கே சம்பளத்துக்குப் போகிறோம்." எனக்கு உறுத்தியது வேறு. வேலைக்குப் போகிறவள் திரும்பி வந்துவிடுவாள்; அங்கேயே பிறந்தவனுக்கு மனம் மாறினால் என்ன வழி என்று கேட்டேன். அவர் 9-ஆவது பிரிவை மறுபடி காட்டினார், வேறொன்றும் சொல்லவில்லை.

குறைகளும் உண்டு. ஜெராக்ஸ் மங்கல், ஓரம் வெட்டுப்பட்டிருக்கிறது. குவைத், ஓமான் போகிறவர்களுக்கும் இதே தாளைத்தான் நீட்டுகிறார்கள். அந்த நாடுகளின் சட்டம் வேறு, தனித் தாள் வேண்டும். இரண்டாம் நாளுக்கு மட்டும் பணம் கட்டலாமா என்று அலுவலகத்தில் கேட்டுப் பார்த்தேன். முடியாதாம், கோட்டுக்காரரையும் சேர்த்துத்தான் வாங்க வேண்டுமாம்.