மாத ஒப்பந்தமா, சொந்தப் பெயரா? பெண்கள் நலம் எழுதுபவருக்கு எது நிலைக்கும்?

பெண்கள் உடல்நலத்தை மட்டுமே எழுதி ஃப்ரீலான்ஸராகக் காலம் தள்ள நினைப்பவருக்கு முக்கியமாக இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, மருத்துவமனை, கருத்தரிப்பு மையம், ஹெல்த் ஆப் என்று ஏதாவது ஓரிடத்துக்கு மாதத் தொகை பேசி எழுதுவது. பெரும்பாலும் நம் பெயர் வராது. இன்னொன்று, இதழ்களுக்கும் செய்தித் தளங்களுக்கும் கட்டுரை கட்டுரையாகச் சொந்தப் பெயரில் எழுதுவது. நான் இரண்டிலும் இருந்துவிட்டு, இப்போது இரண்டாவதைத்தான் பிரதானமாக வைத்திருக்கிறேன். அதனால் இந்த அலசல் அந்தப் பக்கம் சாயத்தான் செய்யும்.

பணம் என்று பார்த்தால் மாத ஒப்பந்தம்தான் மேல், அதில் வாதாட ஒன்றுமில்லை. மாதம் முடிந்தால் இன்வாய்ஸ், டிடிஎஸ் பிடித்தது போக மீதி கணக்கில் வந்துவிடும். இதழ்களில் கட்டுரை வெளியான பிறகுதான் பணம். அதற்கும் சில நேரம் நினைவூட்ட வேண்டியிருக்கும். வீட்டுக் கடன் கட்டிக்கொண்டிருப்பவரிடம் போய் முதல் வழியை விட்டுவிடுங்கள் என்று சொல்ல எனக்கு மனம் வராது.

சுதந்திரம் விஷயத்தில் பதில் அவ்வளவு நேரானது இல்லை. ஒரு நிறுவனம் தன் பொடியைப் பற்றிய கட்டுரையில் 'மூன்றே மாதத்தில் சினைப்பை நீர்க்கட்டி கரையும், மாதவிடாய் சீராகும்' என்று எழுதச் சொன்னது. மாதவிடாய்க் கோளாறைச் சரிசெய்யும் என்று ஒரு மருந்தை விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது. அதைச் சொன்னதும் அந்த வரியை எடுத்துவிட்டார்கள். கொஞ்ச நாளில் என்னையும் எடுத்துவிட்டார்கள். ஆனால் எல்லா இடமும் இப்படி இல்லை. நல்ல மருத்துவமனைகளில் மகப்பேறு மருத்துவர் ஒருவர் வரிக்கு வரி படித்துத் திருத்துவார். அந்தப் படிப்பினை பல இதழ்களில் கிடைக்காது.

சரி, என்னை முடிவெடுக்க வைத்தது இதெல்லாம் இல்லை. எழுதி முடித்த கட்டுரை அதற்கப்புறம் யாருடையது என்ற கேள்விதான்.

இந்தத் துறையில் எழுத்து சீக்கிரம் பழசாகிவிடும். கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் ஹெச்பிவி தடுப்பூசியை எடுத்துக்கொள்ளுங்கள். சிறுமிகளுக்கு இரண்டு டோஸ் என்று எழுதி வந்தோம். 2022 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் ஒரே டோஸும் போதும் என்ற நிலைக்கு வந்தது. கருக்கலைப்புக்கான கால வரம்பு 2021 சட்டத் திருத்தத்தில் சில பிரிவினருக்கு 20 வாரத்திலிருந்து 24 வாரமாக உயர்ந்தது. மறு வருடமே, திருமணமாகாத பெண்களையும் அதில் சேர்த்து உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை என்று சொல்லப்படும் பிசிஓஎஸ்ஸைக் கண்டறிய, வயதுவந்த பெண்களுக்கு ஸ்கேனுக்குப் பதில் ஏஎம்ஹெச் என்ற ஹார்மோனுக்கான ரத்தப் பரிசோதனையும் போதும் என்று 2023 சர்வதேச வழிகாட்டுதல் ஏற்றுக்கொண்டது. மெனோபாஸுக்கான ஹார்மோன் சிகிச்சை பற்றி 2002-இல் அமெரிக்க ஆய்வு ஒன்று கிளப்பிய பயம் இருபது வருடத்துக்கும் மேல் நீடித்தது. அந்த மருந்துகளின் மேலிருந்த கடுமையான எச்சரிக்கைகளை நீக்கப்போவதாக அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ அறிவித்தது 2025 நவம்பரில்தான்.

இதில் எது மாறினாலும் பழைய கட்டுரையைத் திருத்தியாக வேண்டும். மாத ஒப்பந்தத்தில் எல்லா உரிமையையும் எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருப்போம். ஒப்பந்தம் முடிந்த பிறகு அந்தப் பக்கத்தில் ஒரு எழுத்தைக்கூட நாம் தொட முடியாது. நான் எழுதிய பழைய தகவல் இன்னும் ஒரு தளத்தில் அப்படியே கிடக்கிறது. மெயில் போட்டேன், பதில் இல்லை. தன் மகளுக்கு எத்தனை ஊசி என்று தேடுகிற ஒரு அம்மா அதைப் படிப்பாரே என்பதுதான் என் கவலை.

சொந்தப் பெயரில் எழுதும்போது சட்டம் நம் பக்கம் இருக்கிறது. 1957 பதிப்புரிமைச் சட்டப்படி, ஊழியராக இல்லாமல் வெளியிலிருந்து எழுதும் கட்டுரைக்கு எழுதியவரே முதல் உரிமையாளர். அந்த உரிமை கைமாற எழுத்துப்பூர்வமான, நாம் கையெழுத்திட்ட ஒப்பந்தம் வேண்டும். அதில் காலம் குறிப்பிடவில்லை என்றால் ஐந்து வருடம், இடம் குறிப்பிடவில்லை என்றால் இந்தியா மட்டும். அதனால்தான் பல ஒப்பந்தங்களில் 'நிரந்தரமாக, உலகம் முழுவதும்' என்ற வரி இருக்கும். இதழ்களும் இதே வரியை நீட்டுவது உண்டு, கவனம். முதல் வெளியீட்டு உரிமை மட்டும் தருகிறேன், ஆறு மாதம் கழித்து நானே வேறிடத்தில் போட்டுக்கொள்வேன் என்று கேட்டுப் பார்க்கலாம். சில எடிட்டர்கள் ஒத்துக்கொள்வார்கள். ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு, திரும்பத் தேவைப்படாத செய்திக் கட்டுரையை மட்டும் கொடுப்பேன்.

கையில் உரிமை இருந்தால் பராமரிப்பே வருமானமாகும். ரத்தசோகை பற்றி ஆங்கிலத்தில் எழுதியதைப் புதிய தகவலோடு தமிழில் தருகிறேன். மெனோபாஸ் கட்டுரையைப் புதுப்பித்து இன்னொரு இதழுக்குக் கொடுக்கிறேன். புதிதாக எழுத ஒரு வாரம் ஆவது, இப்படியானால் ஒன்றிரண்டு நாளில் முடியும். அது போக, பெயரோடு வந்த கட்டுரைகளைப் பார்த்துத்தான் எடிட்டர்கள் அடுத்த வேலைக்குக் கூப்பிடுகிறார்கள், மருத்துவர்களும் பேட்டிக்கு நேரம் தருகிறார்கள். பெயரில்லாத வேலையை எத்தனை வருடம் செய்தாலும் அதைக் காட்ட வழியில்லை.

இதையெல்லாம் புத்தகமாக்கினால் எவ்வளவு வரும் என்பதில் என் அனுபவம் ரொம்பக் குறைவு. வெளிநாட்டு இதழ்களுக்கும் எப்போதாவதுதான் எழுதுகிறேன். அந்த இரண்டையும் நம்பிக் கணக்குப் போடுங்கள் என்று சொல்ல மாட்டேன்.

புதிதாக வருபவர் முதல் சில வருடங்களுக்கு ஒரே ஒரு மாத ஒப்பந்தம் வைத்துக்கொள்வதில் தப்பில்லை. கையெழுத்துப் போடும் முன் இரண்டு வரி சேர்க்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு பக்கத்திலும் கடைசியாகச் சரிபார்த்த தேதி இருக்க வேண்டும். வருடத்துக்கு ஒருமுறை அவற்றைத் திருத்தித் தரும் வேலையும் அதற்கான தனிக் கட்டணமும் உங்களுக்கே வர வேண்டும்.