முகூர்த்தம் ஓரிடம், வரவேற்பு வேறிடம்: சிங்கப்பூர்க் கல்யாணத்துக்கு வருகிறவர்கள் எங்கே தங்குவது?

சிங்கப்பூரில் கல்யாணம் என்று பத்திரிகை வந்ததும் ஊரில் முதலில் விமான டிக்கெட்டைப் பற்றிப் பேசுகிறார்கள். அடுத்தது விசா. எங்கே தங்குவது என்ற பேச்சு கடைசியில்தான் வருகிறது. "பெண் வீட்டார் ஏதாவது ஏற்பாடு செய்வார்கள், போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்று விட்டுவிடுகிறார்கள். கல்யாணத்துக்கு வரும் சொந்தக்காரர்களை இங்கிருந்து வரவேற்று வழியனுப்புகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: வந்த கல்யாணத்தை நிம்மதியாகப் பார்ப்பதும் அலைந்து களைப்பதும் தங்குமிடத்தைப் பொறுத்தே இருக்கிறது.

இங்கே பல தமிழ்க் கல்யாணங்கள் இரண்டு இடங்களில் நடக்கின்றன. காலையில் கோயிலிலோ கோயிலை ஒட்டிய மண்டபத்திலோ தாலி கட்டு. மாலையில் நட்சத்திர ஹோட்டலில் வரவேற்பு. நம் ஊர்போல மண்டபத்திலேயே படுத்தெழுந்து, அங்கேயே குளித்து, நேரே பந்திக்குப் போகிற வழக்கம் கிடையாது. ஆகவே விருந்தினருக்கு மூன்று வழிகள் உண்டு: வரவேற்பு நடக்கும் ஹோட்டல், தேக்கா (லிட்டில் இந்தியா) வட்டாரத்தில் ஒரு சிறிய ஹோட்டல், சொந்தக்காரர் வீடு.

பலரும் முதலில் நினைப்பது வரவேற்பு ஹோட்டலைத்தான். மரினா பே, ஆர்ச்சர்ட் ரோடு, செந்தோசா என்று பெயரைக் கேட்டாலே ஆசை வரும். அதில் நியாயமும் இருக்கிறது. இரவு பதினொரு மணிக்கு விருந்து முடியும்போது, தோளில் தூங்கும் குழந்தையோடும் கசங்கிய பட்டுப்புடவையோடும் டாக்சிக்கு நிற்க வேண்டியதில்லை. மின்தூக்கியில் ஏறினால் அறை. முழங்கால் வலி உள்ள பெரியவர்களுக்கு இது பெரிய உபகாரம். ஆனால் மறுபக்கத்தையும் பாருங்கள். அறைக் கட்டணத்தின் பின்னால் "பிளஸ் பிளஸ்" என்று போட்டிருந்தால் பத்து விழுக்காடு சேவைக் கட்டணமும் அதற்கு மேல் ஒன்பது விழுக்காடு பொருள் சேவை வரியும் சேரும். 200 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) என்று படித்த அறைக்குக் கடைசியில் ஏறக்குறைய 240 வெள்ளி கட்டுவீர்கள். சென்னையிலிருந்து இரவு விமானம் ஏறி விடியற்காலையில் இறங்குகிறவர்களுக்குப் பிற்பகல் மூன்று மணிக்குத்தான் அறை கிடைக்கும் என்பது இன்னொரு சங்கடம்.

முகூர்த்தக் காலையில்தான் இந்த ஹோட்டல் உண்மையில் இடிக்கிறது. ஏழரை மணி முகூர்த்தம் என்றால் ஆறரைக்காவது கிளம்ப வேண்டும். சாதாரண டாக்சியில் நான்கு பேர்தான் ஏறலாம். ஆறு மணிக்கு முன்பு ஏறினால் மீட்டர் கட்டணத்தில் பாதி கூடுதல். எட்டுப் பேர் குடும்பம் இரண்டு வண்டிகளில் பிரிந்து, தட்டுவரிசை ஒரு வண்டியிலும் தட்டு வாங்கவேண்டிய அத்தை இன்னொரு வண்டியிலுமாக வந்து சேர்வதைக் கோயில் வாசலில் நின்று பார்த்திருக்கிறேன். செந்தோசாவாக இருந்தால் தீவைவிட்டு வெளியே வருவதே தனிப் பயணம்.

தேக்கா கதை வேறு. லிட்டில் இந்தியாவை இங்குள்ள தமிழர்கள் அப்படித்தான் சொல்வோம். சிராங்கூன் சாலையில் 1855இல் நிறுவப்பட்ட ஸ்ரீ ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயிலும் அதை ஒட்டிய பிஜிபி மண்டபமும் பல கல்யாணங்களுக்குக் களம். ஃபேரர் பார்க் ரயில் நிலையத்திலிருந்து நடக்கும் தூரம்தான். கல்யாணம் வேறு கோயிலில் என்றாலும் கவலையில்லை. ஊதா நிற வடகிழக்கு ரயில் பாதையை ஒருமுறை வரைபடத்தில் விரலால் தொடர்ந்து பாருங்கள். லிட்டில் இந்தியாவுக்கு அடுத்த நிறுத்தம் தோபி காட். அங்கே இறங்கினால் டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயிலுக்கு நடந்துவிடலாம். இன்னும் இரண்டு நிறுத்தம் போனால் சைனாடவுன். சவுத் பிரிட்ஜ் சாலையில் இருக்கும் ஸ்ரீ மாரியம்மன் கோயில் 1827இல் தோன்றியது, இந்த ஊரின் மிகப் பழைய இந்துக் கோயில். அதே பாதை ஹார்பர்ஃப்ரண்ட் வரை போய்ச் செந்தோசாவின் வாசலில் விடுகிறது. மூன்று கோயில்களும் செந்தோசா வரவேற்பும் ஒரே ரயிலில் கோத்திருப்பதால்தான் தேக்காவை நான் இவ்வளவு வற்புறுத்துகிறேன். விமான நிலையத்திலிருந்து வருவதும் சுலபம்: ஒரு நிறுத்தம் தள்ளி எக்ஸ்போவில் நீல நிறப் பாதைக்கு மாறினால் நேரே லிட்டில் இந்தியா. ரயிலில் மட்டும் எதையும் தின்னவோ குடிக்கவோ வேண்டாம். அபராதம் 500 வெள்ளிவரை போகும்.

அவசரத்துக்குக் கைகொடுப்பதும் தேக்காதான். ரவிக்கை இறுக்கமாகிவிட்டதா? தேக்கா நிலையம் என்கிற சந்தைக் கட்டடத்தின் மாடிக்குப் போங்கள். புடவைக் கடைகளுக்கு நடுவே தையல்காரர்கள் உட்கார்ந்திருப்பார்கள். பக்கத்துத் தையலைப் பிரித்து, உள்ளே மடித்திருக்கும் துணியை விரல் நகத்தால் நீவி, "ஒரு விரல்கடை விடலாம், அதற்கு மேல் துணி இல்லை" என்று சொல்லிவிட்டு வேலையைத் தொடங்குவார்கள். கீழே பஃப்ளோ ரோட்டில் மல்லிகைச் சரமும் வெற்றிலையும் கிடைக்கும். கொலுசுத் திருகாணி தொலைந்தால்கூட நாலு கடை தள்ளி நகைக்கடை.

குறைகளும் இருக்கின்றன. அறைகள் சிறியவை, சிலவற்றில் ஜன்னலே இருக்காது. பதியும்போதே கேட்டுவிடுங்கள், ஜன்னல் இல்லாத அறையில் வயதானவர்களுக்கு மூச்சு முட்டும். இரண்டு பெரிய பெட்டிகளைத் திறந்து வைத்தால் நடக்க இடம் இராது. ஞாயிற்றுக்கிழமை மாலையில் விடுமுறை கிடைத்த வெளிநாட்டு ஊழியர்கள் நண்பர்களைப் பார்க்கவும் ஊருக்குப் பணம் அனுப்பவும் இங்கேதான் கூடுகிறார்கள். தெரு நிரம்பி வழியும். வாரம் முழுவதும் உழைத்தவர்களின் ஒருநாள் அது. அந்த நேரத்தில் வரவேற்புக்குக் கிளம்புகிறவர்கள் டாக்சியை நம்பாமல் ரயிலில் போய்விடுவது நல்லது.

மூன்றாவது வழி சொந்தக்காரர் வீடு. இங்கே வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) கட்டிய அடுக்குமாடி வீட்டில் "நான்கறை" என்றால் மூன்று படுக்கையறையும் ஒரு கூடமும் என்று கணக்கு, குளியலறை இரண்டு. கல்யாண வீட்டிலேயே போய் இறங்குவதை மட்டும் தயவுசெய்து தவிர்த்துவிடுங்கள். விடியற்காலை நான்கரைக்கு மணப்பெண்ணின் அலங்காரம் ஆரம்பித்திருக்கும். ஒரு குளியலறையில் மாமா, இன்னொன்றின் வாசலில் துண்டோடு சித்தி. அடுப்படியில் பெண்ணின் அம்மா இன்னும் தலைகூட வாராமல், வந்திருக்கும் ஆறு பேருக்குக் காப்பி கலந்துகொண்டிருப்பார். மகளை அருகில் உட்காரவைத்துப் பூச்சூட்டிப் பார்க்க வேண்டிய அரைமணி நேரம் அப்படியே கரைந்துபோகிறது. "நம் வீடு இருக்கும்போது ஹோட்டலா?" என்று அவர்கள் கோபித்துக்கொள்வார்கள். அந்தக் கோபத்தை ஏற்றுக்கொள்ளுங்கள். அந்த அம்மாவுக்கு அந்த அரைமணி திரும்பக் கிடைக்காது.

கல்யாணத்தில் நேரடிப் பொறுப்பில்லாத அத்தை, பெரியப்பா வீடு இருந்தால் அது வேறு விஷயம். இரவு விமானத்தில் வந்த களைப்புக்கு உடனே படுக்க இடம், கைக்குழந்தைக்குக் கஞ்சி, துவைத்த துணியை ஜன்னலுக்கு வெளியே மூங்கில் கழியில் உலர்த்தும் வசதி என எல்லாம் கிடைக்கும். மூன்று பேருக்கு மேல் ஒரே வீட்டில் இறங்காதீர்கள்.

இணையத்தில் பார்த்துச் சில நாளுக்கு ஃபிளாட் வாடகைக்கு எடுக்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். கூடாது. தனியார் வீடு என்றால் குறைந்தது மூன்று மாதம், வீவக வீடு என்றால் ஆறு மாதம் என்பது இங்கே சட்டம்.

என் பரிந்துரை: குடும்பத்தோடு வருகிறவர்கள் தேக்கா, ஃபேரர் பார்க் பக்கம் தங்குங்கள். நடக்கச் சிரமப்படும் பெரியவர்கள் இருந்தால் வரவேற்பு இரவுக்கு மட்டும் அந்த ஹோட்டலில் ஓர் அறை எடுங்கள். விருந்தினருக்குச் சலுகைக் கட்டணம் பேசியிருக்கிறார்களா என்று மாப்பிள்ளை வீட்டாரிடம் கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. சிறு குழந்தைகள் இருந்தால் செயலியில் அழைக்கும் தனியார் வாடகைக் காரைவிட டாக்சி சௌகரியம். 1.35 மீட்டருக்குக் குறைவான உயரமுள்ள பிள்ளைகளுக்குத் தனியார் காரில் பாதுகாப்பு இருக்கை கட்டாயம். டாக்சிக்கு விலக்கு உண்டு.

பத்திரிகையில் கோயிலின் பெயரைப் பார்த்த பிறகே அறை பதியுங்கள். யீஷூன் புனித மரம் ஸ்ரீ பாலசுப்பிரமணியர் கோயில் போல வடக்கே முகூர்த்தம் என்றால் தேக்காவின் வசதியெல்லாம் அந்தக் காலைக்கு உதவாது. அந்தப் பக்கம் குடியிருக்கும் உறவினர் யார் என்று விசாரித்து, முதல் நாள் இரவு படுக்க இடம் உண்டா என்று இப்போதே கேட்டுவையுங்கள்.