மார்ட்டினியா, ஆன்ஷுட்ஸா, காற்றுத் துப்பாக்கியா?

ஒரு நேரத்தில் ஒரே தோட்டாவை ஏற்றிச் சுடும் இலக்குத் துப்பாக்கிகளில் பி.எஸ்.ஏ. (பர்மிங்காம் ஸ்மால் ஆர்ம்ஸ்) நிறுவனத்தின் மார்ட்டினி இன்டர்நேஷனலுக்கு உள்ள மவுசே தனி. பர்மிங்காமில் உருவான இதன் முதல் வகை 1950-இல் வந்தது. மூன்றாம் வகை 1959-இல். உற்பத்தி நின்று பல பத்தாண்டுகள் ஆகிவிட்டதால் நல்ல நிலையில் ஒன்று கண்ணில் படுவதே அரிது. மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப் பட்டணத்தில் இருந்துகொண்டு அதைத் தேடும் இளைஞர்கள் சிலர், அது கைக்கு வந்த பிறகுதான் சுடப் பழகுவது என்று நாளைக் கடத்துகிறார்கள். அது வேண்டாம். காற்றுத் துப்பாக்கியில் இன்றே கற்கத் தொடங்குங்கள். மார்ட்டினியைத் தேடும் வேலை அதன்பாட்டுக்கு நடக்கட்டும்.

முதலில் சட்டம், ஏனென்றால் மார்ட்டினி, ஜெர்மனியின் ஆன்ஷுட்ஸ், காற்றுத் துப்பாக்கி மூன்றுக்கும் அது பொது. 1948 ஜூன் 16 அன்று எங்கள் வட்டாரத் தோட்டங்களில் துரைமார் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டதையடுத்தே மலாயாவில் அவசரகாலம் பிறந்தது. துப்பாக்கி விஷயத்தில் அன்று தொடங்கிய கண்டிப்பு இன்றுவரை தளரவில்லை. 1960-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் காற்றுத் துப்பாக்கியையும் ஆயுதம் என்றே வரையறுக்கிறது. உரிமமின்றி வைத்திருந்தால் ஏழாண்டு வரை சிறை, 10,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது இரண்டும். எனவே செம்பனை நிரைக்குள் தகரடப்பாவைத் தொங்கவிட்டுப் பழகலாம் என்ற எண்ணத்தை அடியோடு விட்டுவிடுங்கள். உரிமம் பெற்ற சுடும் கழகத்தில் சேர்ந்து, அதன் துப்பாக்கியில், பயிற்றுநரின் கண்முன்னே பழகுவதுதான் வழி.

இனி மார்ட்டினிக்கு வருவோம். அமெரிக்கரான பீபாடி 1862-இல் காப்புரிமை பெற்ற அமைப்பை சுவிட்சர்லாந்தில் ஃபிரெடரிக் வான் மார்ட்டினி திருத்தினார். பிரிட்டிஷ் இராணுவம் அதை மார்ட்டினி-ஹென்றி என்ற பெயரில் 1871-இல் ஏற்றது. அந்த வம்சத்தின் சிறிய வாரிசுதான் பாயிண்ட் 22 (0.22 அங்குல) தோட்டாவைச் சுடும் இன்டர்நேஷனல். விசைக்குப் பின்னால் உள்ள நெம்புகோலைக் கீழே தள்ளினால், உள்ளிருக்கும் எஃகுக் கட்டையின் முன்முனை தாழ்ந்து குழலின் பின்வாய் திறக்கிறது. கட்டையின் மேலே ஒரு பள்ளம். தோட்டாவை அதில் வைத்துப் பெருவிரலால் மெல்லத் தள்ளினால் வழுக்கிக்கொண்டு உள்ளே போய் அமர்கிறது. நெம்புகோலை மேலே இழுத்தால் மூடிவிடும். சுட்ட பின் மறுபடி தாழ்த்தும்போது வெற்றுக் கூடு பின்னால் தெறித்து விழும். தோட்டாவைத் தட்டி வெடிக்க வைக்கும் சுட்டியும் அதே அசைவில் தயாராகிவிடுவதால் தனியாக எதையும் இழுக்க வேண்டியதில்லை. விசையை அழுத்துவதற்கும் தோட்டா வெடிப்பதற்கும் இடையிலான நேரம் மிகக் குறைவு. நெம்புகோலை இடக்கைக்காரரும் வலக்கைக்காரரும் ஒன்றுபோல இயக்கலாம். இதில் மற்ற எதுவும் அதனிடம் நெருங்க முடியாது.

ஆனால் புள்ளிதான் குறி என்றால் ஆன்ஷுட்ஸ். 1856-இல் தொடங்கிய இந்த ஜெர்மானிய நிறுவனம் இன்றும் உல்ம் நகரில் இயங்குகிறது; உதிரிபாகம் கிடைக்கும், பயிற்றுநர்களுக்கும் அத்துப்படி. அதன் 54 வரிசையில் விசையின் பாரத்தை நுணுக்கமாகத் திருத்தலாம். குழலின் பின்வாயை மூடும் தண்டான போல்ட்டை உருவிவிட்டுப் பின்பக்கமிருந்தே குழலைத் துடைக்கலாம். நம் ஊர் ஈரக்காற்றில் துருவுக்கு அஞ்சுகிறவருக்கு இது பெரிய ஆறுதல். குப்புறப் படுத்துச் சுடும்போது போல்ட்டை இழுக்கும் கை தோளைச் சற்றுக் கலைக்கும் என்பதுதான் எனக்குள்ள குறை. பழகினால் அதுவும் அடங்கும்.

இந்த இரண்டையும் விடக் காற்றுத் துப்பாக்கி கறாரான ஆசான். காரணம் வேகம். பாயிண்ட் 22 குண்டு நொடிக்கு ஏறத்தாழ 330 மீட்டரில் பாய்கிறது, 4.5 மில்லிமீட்டர் ஈயக் குண்டோ ஏறத்தாழ 170 மீட்டரில்தான் போகிறது. குழலுக்குள் அது அதிக நேரம் தங்குவதால், விசையை அழுத்தியதும் தலையைத் தூக்கினாலோ தோளைத் தளர்த்தினாலோ இலக்கு அட்டை உடனே காட்டிக்கொடுத்துவிடும். 10 மீட்டரில் பத்துப் புள்ளி என்பது அரை மில்லிமீட்டர்ப் பொட்டு. 1984 முதல் ஒலிம்பிக்கில் இருக்கும் போட்டி இது. 2012-இல் லண்டனில் எட்டு மாதக் கர்ப்பிணியாக நூர் சூர்யானி தைபி மலேசியாவுக்காகக் களமிறங்கியதும் இதில்தான்.

கழகங்களில் இப்போது அழுத்தக் காற்றுக்கலன் கொண்டவையே பெரும்பாலும் இருக்கும். சுருள்வில்லால் இயங்கும் பழைய காற்றுத் துப்பாக்கியான ஃபைன்வெர்க்பாவ் 300 எஸ் கிடைத்தால் அதையும் விடாதீர்கள். சுருள்வில்லின் அதிர்வு சுடுபவரைத் தொடாதபடி உள்ளமைப்பு முழுதும் தண்டவாளத்தில் பின்னால் நழுவும். அவ்வளவு அழகான பொறி. பக்கவாட்டு நெம்புகோலை ஒரு கையால் பிடித்தபடியே குண்டை வையுங்கள். விட்டுவிட்டால் விரலுக்கு ஆபத்து.

தோளும் மூச்சும் விசைவிரலும் வசப்பட்ட பிறகு, உரிமம் பெற்ற வணிகர் வழியாக ஒரு மார்ட்டினி தென்பட்டால் பேராவலில் தலையாட்டாதீர்கள். குழலுக்குள் விளக்கடித்துப் பாருங்கள். தோட்டா அமரும் இடத்தருகே துருக்குழி இருந்தால் ஒதுக்குங்கள். நெம்புகோலை மூடியபின் ஆட்டம் இருக்கிறதா, கூடு தெறிக்கிறதா என்று கவனியுங்கள். வெற்றாக விசையை அழுத்திச் சோதிக்காதீர்கள்; சுட்டிமுனை குழலின் பின்வாய் விளிம்பை நசுக்கக்கூடும், பயிற்சிக்கான போலித் தோட்டா ஒன்றைக் கேட்டு வாங்கிப் போடுங்கள். கடைசியாக, பின்பக்கத் துவாரக் குறிநோக்கி கூடவே வருகிறதா என்று கேளுங்கள். பார்க்கர்-ஹேல் நிறுவனம் செய்தது போன்ற பழைய குறிநோக்கியைத் தனியே தேடுவது துப்பாக்கியைத் தேடுவதை விடக் கடினம். அது இல்லையென்றால் விலையைக் கணிசமாகக் குறைக்கச் சொல்லுங்கள்.