உப்புத்தாள் தமிழ் எழுத்து அட்டைகள்: ஆறு மாதம் தடவிப் பார்த்த பிறகு

முதலில் விலையைச் சொல்லிவிடுகிறேன், எல்லாரும் அதைத்தான் தேடி வருவீர்கள். 31 அட்டை, ஒரு மரப்பெட்டி, ஒரு சின்னக் கையேடு, கூரியரோடு சேர்த்து 1,450 ரூபாய். மெல்லிய பலகையில் எழுத்தை உப்புத்தாளில் வெட்டி ஒட்டியிருக்கிறார்கள். உயிர் பன்னிரண்டும் நீலப் பலகை, மெய் பதினெட்டும் ரோஸ், ஆய்தம் ஒன்று தனியாக. விற்றவர் பெயரைப் போடவில்லை. குறை நிறையச் சொல்லப் போகிறேன், அதோடு இதே சரக்கை இப்போது பலர் விற்கிறார்கள், எங்கே வாங்கினாலும் பார்க்க வேண்டியவை ஏறக்குறைய இவைதான்.

என் மகனுக்கு எட்டு வயது, மூன்றாம் வகுப்பு. ‘படம்’ என்பதை ‘யடம்’ என்பான். ‘கொடி’ என்று எழுதியிருந்தால் ‘கெ... ர... டி’ என்று மூன்று எழுத்தாகக் கூட்டுவான், ஏனென்றால் துணைக்கால் அவன் கண்ணுக்கு ‘ர’வாகத் தெரிகிறது. யோசித்துப் பார்த்தால் அதில் தப்பே இல்லை, இரண்டுக்கும் எவ்வளவு வித்தியாசம் சொல்லுங்கள். பள்ளியில் இரண்டு வருடம் ‘கவனம் போதாது, வீட்டில் எழுத வையுங்கள்’ என்றே சொன்னார்கள், நானும் பக்கம் பக்கமாக எழுத வைத்தேன், அவன் அழகாகப் பார்த்து வரைந்துவிட்டு மறுநாள் அதே எழுத்தை யாரோ புது ஆளைப் பார்ப்பது போல் பார்ப்பான். அப்புறம்தான் பரிசோதனை, டிஸ்லெக்சியா (வாசிப்பதில் தடுமாற வைக்கும் கற்றல் குறைபாடு) என்ற முடிவு. சிறப்பாசிரியர் முதல் நாளே சொன்னது: “எழுத வைக்கறத கொஞ்ச நாள் நிறுத்துங்கம்மா. தடவ வைங்க.”

அப்படித்தான் இந்தப் பெட்டி வீட்டுக்கு வந்தது.

இந்த உப்புத்தாள் எழுத்து மரியா மாண்டிசோரி வழியாகப் பரவியது. எல்.கே.ஜி. விளம்பரங்களில் அந்தப் பெயரைப் பார்த்துப் பார்த்து, வசதியான வீட்டுப் பிள்ளைகளுக்கான ஏதோ ஒன்று என்றுதான் நான் நினைத்திருந்தேன். உண்மையில் அவர் ஒரு மருத்துவர், ரோமில் அறிவுத்திறன் குறைபாடு உள்ள பிள்ளைகளோடு வேலை செய்துதான் தொடங்கினார், 1907-இல் மற்றப் பிள்ளைகளுக்காகப் பள்ளி திறந்தது அதற்குப் பிறகு. 1939-இல் நம் அடையாற்றுக்கே வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார், போர்க்காலத்தில் கொடைக்கானலிலும் இருந்தார். எங்கள் பாட்டியிடம் இதைச் சொன்னால், “மணல்ல விரலால எழுதி, வாயால அனா ஆவன்னா சொன்னா வரும்னு எங்க திண்ணைப் பள்ளிக்கூட வாத்தியாருக்கே தெரியுமே” என்கிறார். அதுவும் சரிதான். கண், காது, வாய், விரல் நாலும் ஒரே நேரத்தில் வேலை செய்ய வேண்டும் என்பதுதான் இரண்டிலும் இருக்கிற விஷயம்.

எப்படிப் பயன்படுத்துகிறோம் என்றால், ஆள்காட்டி விரலும் நடுவிரலும் சேர்த்து, எழுதுகிற திசையிலேயே தடவ வேண்டும், தடவும்போதே ஒலியைச் சொல்ல வேண்டும். ஒரு நாளைக்கு இரண்டு எழுத்து, அதுவும் உருவம் ஒன்றோடொன்று ஒட்டாத எழுத்தாக. ‘ப’வையும் ‘ய’வையும் ஒரே நாளில் எடுக்கவே கூடாது, நான் ஆர்வக்கோளாறில் எடுத்தேன், ஒரு வாரம் பின்னால் போனோம். முதலில் “இது ம” என்று நாம் சொல்வது, அப்புறம் “ம எங்கே, காட்டு” என்று கேட்பது, கடைசியில்தான் “இது என்ன?”. இந்த மூன்றாவது கேள்வியை முதலிலேயே கேட்டுப் பிள்ளையை முழிக்க வைப்பதைத்தான் நாம் இத்தனை நாளாகப் படிப்பு சொல்லிக் கொடுப்பது என்று செய்து வந்திருக்கிறோம் என்று எனக்கு உறைத்தபோது கொஞ்சம் அழுகையே வந்தது.

பெட்டி தன் விலைக்கு நியாயம் செய்த இடம் மெய்யெழுத்து அட்டைகள். ‘ண’, ‘ந’, ‘ன’ மூன்றும் வாயில் கிட்டத்தட்ட ஒன்றுபோலத்தான் வருகின்றன, அவனுக்கு எதை எங்கே போடுவது என்று தெரியாது. மூன்று சுழி, இரண்டு சுழி என்று சொல்லிக் கொடுப்பது அவனிடம் எடுபடவில்லை. ஆசிரியர் அட்டைகளைத் தரையில் ஜோடி ஜோடியாக வைத்தார்: க-ங, ச-ஞ, ட-ண, த-ந, ப-ம, ற-ன. தங்கம், பஞ்சு, வண்டி, பந்து, பாம்பு, கன்று. ‘ட’வுக்கு முன்னால் வருவது ‘ண்’, ‘த’வுக்கு முன்னால் ‘ந்’, ‘ற’வுக்கு முன்னால் ‘ன்’, அவ்வளவுதான். டண்ணகரம், தந்நகரம், றன்னகரம் என்று பெயரிலேயே பெரியவர்கள் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள், நான் தமிழ் வழியில் படித்தவள், எனக்கு முப்பத்தாறு வயதில் இப்போதுதான் விளங்குகிறது. இன்று அவன் ‘வண்டி’யைத் தப்பாக எழுதுவதில்லை. ஆனால் ‘மனம்’, ‘மணம்’ இரண்டுக்கும் இந்த வித்தை உதவாது, அதைப் படித்துப் பழகித்தான் ஆக வேண்டும்.

சரி, குறைகளுக்கு வருகிறேன்.

பெரிய குறை, பெட்டியில் கொம்பும் காலும் இல்லை. தமிழில் பிள்ளைகள் தடுமாறுவது முக்கால்வாசி 216 உயிர்மெய்யில்தான், இவர்கள் ‘அ’வும் ‘க’வும் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார்கள். ‘கெ’ என்று சொல்லும்போது ‘க்’ முதலில் கேட்கிறது, எழுதும்போது ஒற்றைக்கொம்பு முதலில் வருகிறது. ‘கொ’வில் ஒரே உயிர் ஒலி எழுத்தின் இரண்டு பக்கமும் பிரிந்து நிற்கிறது. ஒலியை வரிசையாகப் பிடித்துப் படிக்கிற பிள்ளைக்கு இது எவ்வளவு பெரிய குழப்பம்! ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, துணைக்கால் இவை தனித்தனி அட்டையாக இருந்தால் ‘க’வின் இரண்டு பக்கமும் வைத்துக் காட்டிவிடலாம். மெய் அட்டைகளில் புள்ளியும் இல்லை, பெயர்தான் மெய், இருப்பது க, ங, ச. ‘க்’கும் ‘அ’வும் சேர்ந்தால் ‘க’ என்று காட்ட முடியாத பெட்டியைத் தமிழுக்கென்று செய்தது என்று எப்படிச் சொல்வது? ஆங்கிலப் பெட்டியைப் பார்த்து எழுத்தை மட்டும் மாற்றியிருக்கிறார்கள் என்றுதான் தோன்றுகிறது.

அடுத்தது உப்புத்தாள். சொரசொரப்பு அதிகம், 80 நம்பர் தாளாக இருக்க வேண்டும், “அம்மா குத்துது” என்று மூன்றாவது நாளே கையை எடுத்துவிட்டான். ஹார்டுவேர் கடையில் 220 நம்பர் வாங்கி (நம்பர் கூடக் கூடத் தாள் நைசாகும்) சில எழுத்துகளை நானே வெட்டி மேலே ஒட்டினேன். எதிர்வீட்டுப் பெண் குழந்தைக்கு ஆட்டிசம், அவளுக்கு அந்த நைஸ் தாளும் ஆகவில்லை, தொட்டாலே காதைப் பொத்திக்கொள்வாள். அவள் அம்மா பழைய வெல்வெட் பிளவுஸ் துணியில் எழுத்து வெட்டினார், அதைச் சந்தோஷமாகத் தடவுகிறாள். விளம்பரத்தில் ‘எல்லாக் குழந்தைகளுக்கும் ஏற்றது’ என்று போட்டிருக்கிறார்கள், அதை நம்பாதீர்கள், முதலில் உங்கள் பிள்ளையின் விரலைக் கேளுங்கள்.

கையேடு வேஸ்ட். எந்த எழுத்தை எங்கே தொடங்குவது என்று அம்புக்குறி கிடையாது. ‘க’வுக்கு ஒரே ஒரு ஒலி சொல்லி நிறுத்திவிட்டார்கள், கடல், பகல், தங்கம் மூன்றிலும் ‘க’ ஒரே மாதிரியா இருக்கிறது? நாலு அட்டையில் பசை விட்டுப்போனது, அனுப்பினேன், மாற்றித் தந்தார்கள், அதில் குறையில்லை.

இன்னொன்று. இது கூட உட்காரும் ஆளுக்கான சாமான், பிள்ளையிடம் கொடுத்துவிட்டுப் போனால் பெட்டிக்குள்ளேயே கிடக்கும். எனக்கு ஒரு நாளைக்கு இருபது நிமிடம் ஆகிறது. பள்ளியில் நாற்பது பேருக்கும் ஒரே புத்தகம், ஒரே பக்கம். அரசுப் பள்ளியில் படிக்கும் என் அண்ணன் மகளுக்கு 2022-இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளையின் நிலைக்குத் தகுந்த பயிற்சி நூல், நான் ஃபீஸ் கட்டும் இடத்தில் அது இல்லை. இந்தப் பெட்டி அதைச் சரிசெய்யாது. குறைபாட்டுச் சான்றிதழ் வாங்கும் வேலையையும் தள்ளிப் போடாதீர்கள்: 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 வகைக் குறைபாடுகளில் கற்றல் குறைபாடும் ஒன்று, பொதுத்தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகைகளுக்கு அந்தக் காகிதம்தான் வேண்டும்.

ஐந்துக்கு மூன்று கொடுக்கிறேன். கையில் காசு இருந்து வெட்டி ஒட்ட நேரம் இல்லாதவர்கள் வாங்கலாம். நேரம் இருந்தால் நாலு நைஸ் உப்புத்தாள், பழைய கல்யாணப் பத்திரிகை அட்டை, ஒரு ஃபெவிகால் போதும், தட்டில் ரவையைப் பரப்பியும் எழுதலாம். கொம்பும் காலும் செய்து விற்பீர்களா என்று அவர்களுக்கு மெயில் போட்டேன், பதில் இல்லை. நானே செய்த துணைக்கால் இப்போது ஃப்ரிட்ஜ் கதவில் காந்தத்தோடு ஒட்டியிருக்கிறது, போகிற போக்கில் அதைத் தடவிவிட்டு “இது ர இல்ல” என்று சொல்லிக்கொண்டு போகிறான்.