சொதிக்கு இருபத்திரண்டு சிரட்டை

எங்கள் வீட்டுக்கு வந்து சமைத்துக் கொடுத்த ஒரு சமையல் குழுவைப் பற்றி எழுதுகிறேன். நல்லதோடு ஒரு குறையும் சொல்லப் போகிறேன் என்பதால் பெயரை விட்டுவிட்டேன். திருநெல்வேலி டவுனில் எங்கள் வீடு. மொத்தம் 64 இலை, இலைக்கு 220 ரூபாய். தவசிப்பிள்ளை, அதாவது தலைமைச் சமையல்காரர் ஒருவர், அவருடன் ஐந்து பேர். அம்மாவைப் பெற்ற ஆச்சியின் பதினாறு முடிந்த மறுநாள், ஊருக்குத் திரும்பாமல் தங்கிவிட்ட சொந்தக்காரர்களுக்கு மத்தியானச் சாப்பாடு. அந்தச் சாப்பாடு சொதி, தேங்காய்ப் பாலில் காய்கறிகள் போட்டு வைக்கும் குழம்பு.

சொதி என்றதும் பெரிய மாமா முகத்தைச் சுளித்தார். எங்கள் பக்கத்தில் அது மறுவீட்டுச் சாப்பாடு. கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளை வீட்டாருக்குப் போடுவது. துக்க வீட்டில் யாராவது சொதி வைப்பார்களா என்று கேட்டார். அம்மா அசையவில்லை. "தொண்ணூறு வயது. கொள்ளுப்பேரன் நெய்ப்பந்தம் பிடித்துப் போனவள். இது கல்யாணச் சாவு. அப்படியானால் மறுநாள் மறுவீடுதானே?" என்றாள். மாமாவிடம் அதற்குப் பதில் இல்லை. சாப்பிடும்போது இரண்டாம் முறை சொதி கேட்டு வாங்கியதும் அவர்தான்.

ஆச்சிக்கும் சொதிக்கும் உள்ள உறவைச் சொல்லாமல் இந்தச் சாப்பாட்டுக்கு மதிப்பெண் போட முடியாது. 1935-இல் பிறந்தவள். தாத்தா ஒரு அரிசி மண்டியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். 1966-இல் காய்ச்சலில் போய்விட்டார். ஐந்து பிள்ளைகள். மூன்றாவதான என் அம்மாவுக்கு அப்போது ஒன்பது வயது. காரியம் முடிந்த மூன்றாம் மாதம் தெருவிலிருந்த தவசிப்பிள்ளை ஒருவரிடம் போய், "எனக்குத் தேங்காய் துருவத் தெரியும்" என்றாளாம். அதிலிருந்து 33 வருஷம் கல்யாண வீடுகளில் தேங்காய் துருவினாள். பெரிய கல்யாணம் என்றால் இருநூறு காய். நாலு பெண்கள் இரவு இரண்டு மணிக்குத் துருவியில் ஏறி உட்கார்ந்தால் விடிந்த பிறகுதான் இறங்குவார்கள். கூலி இரண்டு ரூபாயும் ஒரு தூக்குவாளிச் சோறும்.

அந்தத் தூக்குவாளியைத்தான் அம்மா இன்றும் சொல்வாள். பாளையங்கோட்டையில் மறுவீட்டு விருந்து என்றால் ஆச்சி அங்கே ஒரு வாய் சாப்பிடமாட்டாள். சொதியை வாளியில் வாங்கிக்கொண்டு, சுலோச்சன முதலியார் பாலத்தைத் தாண்டி நடந்தே டவுனுக்கு வருவாள். ஜங்ஷனில் ஈரடுக்குப் பாலம் 1973-இல்தான் வந்தது. அதற்கு முன்னால் ரயில் வந்தால் கேட்டில் நிற்க வேண்டும். கையில் வாளியோடு நின்ற நேரத்தில் சொதி ஆறிப் போகும். ஆறிய சொதியைச் சூடாக்க முடியாது, திரிந்துவிடும். அதனால் ஐந்து பிள்ளைகளும் சொதியை ஆறிய பண்டமாகவே தின்று வளர்ந்தார்கள். சூடான சொதியை அம்மா முதன்முதலில் சாப்பிட்டது தன்னுடைய மறுவீட்டில்.

பின்னாளில் மின்சாரத் துருவி வந்தது, ஆச்சியின் மணிக்கட்டும் போய்விட்டது. 1999-இல் நிறுத்திக்கொண்டாள். நிறுத்தினாள் என்றால் கூலி வேலையை. வீட்டில் வடகம் போட்டாள், சந்தைக்குப் போனாள், 87 வயது வரை வாசலில் கோலம் போட்டாள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் குறுக்குத்துறை முருகன் கோயில் முங்கிக் கிடப்பதைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு, "இதைத்தான் 92-இலேயே பார்த்தாயிற்றே" என்று திரும்பிப் படுத்தவள். 92 நவம்பர் வெள்ளத்தில் ஆற்றோரத்து ஜனங்களைத் தங்க வைத்திருந்த பள்ளிக்கூடத்தில் இரண்டு நாள் நின்று துவையல் அரைத்துக் கொடுத்ததாக மற்றவர்கள் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும்.

சரி, சமையலுக்கு வருகிறேன்.

காலை நாலரைக்கு வருவதாகச் சொன்னார்கள். நாலு இருபதுக்கு வந்துவிட்டார்கள். அண்டா, உருளி, அடுப்பு எல்லாம் அவர்களுடையதே. பின்கட்டில் முதலில் தண்ணீர் தெளித்துக் கூட்டிவிட்டுத்தான் சாமான்களை இறக்கினார்கள். இந்த ஒரு காரியத்துக்கே முழு மதிப்பெண் கொடுத்துவிடலாம். பல இடங்களில் நாம் கூட்டிக் கொடுக்கவேண்டியிருக்கிறது.

இஞ்சிப் பச்சடி அபாரம். தேங்காய்ப் பால் வயிற்றில் கனக்கும் என்பதால் சொதிக்கு அது கட்டாயத் துணை. பெரும்பாலானவர்கள் வெல்லத்தைக் கொட்டி ஜாம் மாதிரி ஆக்கிவிடுகிறார்கள். இவர் இஞ்சியை நல்லெண்ணெயில் சிவக்க வதக்கி அரைத்திருந்தார். புளி முன்னால் வருகிறது, காரம் நடுவில், வெல்லம் கடைசியில் எட்டிப் பார்க்கிறது. உருளைக்கிழங்குக் காரக்கறியும் நன்றாக இருந்தது. ரசம் சுமார். பால் பாயசம் பந்தி முடியும்போது தீர்ந்துபோனது. கடைசி வரிசையில் ஏழெட்டுப் பேருக்கு அரைக் கரண்டிதான்.

இனி சொதி. பாசிப்பருப்பு குழைந்து உருத்தெரியாமல் கரைந்திருந்தது. சரி. முருங்கைக்காய், காரட், பீன்ஸ், பட்டாணி, உருளைக்கிழங்கு, முழுச் சின்ன வெங்காயம் எல்லாம் இரண்டாம் பாலில் பதமாக வெந்திருந்தன. முதல் பாலை ஊற்றிக் கொதி வருவதற்கு முன், ஓரத்தில் நுரை கூடும்போதே இறக்கினார். எலுமிச்சம் பழத்தை இறக்கி வைத்த பிறகுதான் பிழிந்தார். கை சுத்தமான கை. ஆனால் நாக்கில் வைத்தபோது பால் கெட்டியாக இருந்ததே தவிர, தேங்காய் வாசனை தொண்டை வரை வரவில்லை. நடுவில் எங்கேயோ நின்றுவிட்டது. ஒரு மொழுமொழுப்பு வேறு. முந்திரி அரைத்து விட்டிருக்கிறார் என்று தெரிந்தது.

அப்போதுதான் பின்கட்டுக்குப் போனேன். சின்ன வயதில் ஆச்சி என்னையும் விசேஷ வீடுகளுக்கு அழைத்துப் போவாள். எனக்கு ஒரே வேலைதான். "ஏட்டி, சிரட்டையை எண்ணு" என்பாள். சிரட்டை என்றால் துருவி முடித்த தேங்காய் ஓடு. நாலு பேருக்கு ஒரு காய் என்பது அவள் கணக்கு. ஒரு காய்க்கு இரண்டு சிரட்டை. இலை எத்தனை, சிரட்டை எத்தனை என்று பார்த்தாலே சாப்பிடாமல் சொதியின் யோக்கியதை தெரிந்துவிடும் என்பாள். எண்ணுவதோடு நில்லாமல் ஒவ்வொரு சிரட்டையின் உள்பக்கத்தையும் விரலால் தடவிப் பார்ப்பாள். பழுப்புத் தோல் மெலிதாக ஒட்டியிருக்க வேண்டும். ஓடு தெரியும்வரை துருவியிருந்தால் பால் நிறம் மங்கும். வெள்ளை திட்டுத்திட்டாக நின்றால் துருவினவள் சோம்பேறி.

64 இலைக்கு 16 காய், 32 சிரட்டை. நான் எண்ணியது 22. முந்தின நாள் சிரட்டைகளை எல்லாம் அம்மா அப்புறப்படுத்தியிருந்தாள், அதனால் சந்தேகத்துக்கு இடமில்லை. இன்னொரு தடவையும் எண்ணினேன். விரலால் தடவியும் பார்த்தேன். துருவல் மட்டும் பழுதில்லை, தோல் பதமாக நின்றது.

தவசிப்பிள்ளையிடம் கேட்டேன். மழுப்புவார் என்று நினைத்தேன். தலையைச் சொறிந்துகொண்டு, "பேசும்போது இருந்த தேங்காய் விலை வேறு, நேற்றைய விலை வேறு. ஐந்து காயைக் குறைத்து முந்திரியில் சரிக்கட்டினேன். இதுவரை யாரும் கேட்டதில்லை, தாயே. எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?" என்றார். தேங்காய் விலை ஏறியது எல்லோருக்கும் தெரிந்ததுதான். முந்தின நாளே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நாங்களே ஐந்து காய் வாங்கிப் போட்டிருப்போம். சொல்லாமல் செய்ததுதான் எனக்குப் பிடிக்கவில்லை. அதை அவரிடமே சொன்னேன். 14,080 ரூபாயில் 500 ரூபாயை அவராகக் குறைத்துக்கொண்டார்.

அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னபோது அவள் ஏனத்தில் மிச்சமிருந்த சொதியை ஒரு தூக்குவாளியில் ஊற்றிக்கொண்டிருந்தாள். ராத்திரி ஆறிய பிறகு சாப்பிடப் போகிறாளாம். "பதினொரு காய்க்கு இது மோசமில்லை" என்றாள்.

மதிப்பெண் கேட்டால் சுத்தத்துக்கும் நேரத்துக்கும் பத்துக்குப் பத்து. இஞ்சிப் பச்சடிக்கு ஒன்பது. சொதிக்குச் சமையலாக எட்டு, கணக்காக ஐந்து. இவர்களைக் கூப்பிடுகிறவர்கள் எத்தனை காய் என்பதை முன்பணம் கொடுக்கும்போதே பேசிவிடுங்கள், பாயசத்துக்குப் பத்து இலை கூடுதலாகச் சொல்லுங்கள். தங்கையின் மாமனார் வீட்டில் தை மாதம் காதுகுத்து வருகிறது. அதற்கும் இவரையே சொல்லியிருக்கிறோம். தேங்காய் மட்டும் நாங்கள் வாங்கிக் கொடுப்பதாகப் பேச்சு.